மருத்துவர் பதில்கள்: அறிக்கையில் ‘இயல்பு மாறிய செல்கள்’ என்று இருந்தால்

சென்ற இதழில் மார்பகக் கட்டிகளைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். கட்டி இருப்பதைக் கண்டு மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார்கள். ஊசி செலுத்திச் செல்களையும் எடுத்தாயிற்று. அறிக்கை கையில் இருக்கிறது. அதில் உள்ள சொல்லுக்குப் பொருள் விளங்காததால் வீட்டில் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். என் பணிக்காலம் முழுவதும் இத்தகைய அறிக்கைகளை எழுதுவதிலேயே கழிந்திருப்பதால், மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்திருப்பவர் எதைக் கண்டு அந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதை இம்முறை சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு: எனக்கு வயது 43. இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருக்கிறது. ஊசிப் பரிசோதனை அறிக்கையில் ‘அட்டிபிக்கல் செல்ஸ்’ என்று எழுதி, பயாப்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் என்று எழுதவில்லையே, பிறகு எதற்கு இன்னொரு ஊசி என்கிறார் என் கணவர். குத்தக் குத்தத்தான் நோய் பரவும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?

பதில்: பயாப்சி செய்துகொள்ளுங்கள், சகோதரி, இந்த வாரமே முடியுமானால் இந்த வாரமே. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அறிக்கை புற்றுநோய் என்று சொல்லவில்லை. புற்றுநோய் இல்லை என்றும் அது சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

பால் வரும் நுண்குழாய்களின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. உட்புறம் இருப்பவை சுரப்புச் செல்கள். அவற்றை வெளியிலிருந்து தழுவி நிற்பவை, சுருங்கிப் பாலை முன்னே தள்ளும் தசைத்தன்மை கொண்ட செல்கள். கேடற்ற கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், சுரப்புச் செல்கள் தேனடையின் அறைகளைப் போல ஒன்றையொன்று ஒட்டி ஒரே தளத்தில் விரிந்து கிடக்கும். ஒவ்வொன்றின் உட்கருவும் ஏறத்தாழ ஒரே அளவில் தன்னிடத்தில் இருக்கும். பக்கத்திலேயே அந்தத் தசைச் செல்களின் உட்கருக்கள் எள் தூவினாற்போலச் சிதறிக் கிடக்கும். அந்த எள்மணிகளைக் கண்டதுமே எங்களுக்குப் பாதி நிம்மதி வந்துவிடும்.

இயல்பு மாறும்போது முதலில் கெடுவது இந்த ஒழுங்குதான். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொள்கின்றன. உட்கரு பெருக்கிறது, எவ்வளவு பெருத்தது என்று மதிப்பிட, அருகில் கிடக்கும் இரத்தச் சிவப்பணுவையே அளவுகோலாகக் கொள்கிறோம், ஏனெனில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரான் என்பது எங்களுக்குத் தெரியும். உட்கருவின் விளிம்பு கோணலாகிறது, உள்ளிருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கரடுமுரடாகத் திரள்கிறது, உட்கருவுக்குள் சிறு புள்ளியாக இருக்கும் உட்கருமணி தடித்துத் தெரிகிறது, ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் பிரிந்து தனித்து அலைகின்றன, எள்மணிகள் காணாமல் போகின்றன. இவையெல்லாம் ஒருசேர, தெளிவாக, நிறையச் செல்களில் தென்பட்டால் தயங்காமல் புற்று என்றே எழுதிவிடுவோம். ஓரிரு மாற்றங்கள் மட்டும், அதுவும் சில செல்களில் மட்டும் தென்படும்போது எழுதப்படுவதே ‘அட்டிபிக்கல்’ என்னும் சொல். அதை எழுதியவர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துவிடாதீர்கள். தாம் பார்த்தது எவ்வளவோ அவ்வளவை மட்டுமே நேர்மையாக எழுதியிருக்கிறார்.

இந்தச் சொற்களுக்கு ஓர் ஒழுங்கும் வகுத்திருக்கிறார்கள். 2016இல் ஜப்பானின் யோகஹாமா நகரில் கூடிய செல்லியல் வல்லுநர்கள் வகுக்கத் தொடங்கியதால் அது யோகஹாமா முறை எனப்படுகிறது. செல் போதவில்லை, கேடற்றது, இயல்பு மாறியது, ஐயத்துக்குரியது, புற்று என்று அதில் ஐந்து படிகள். அம்முறையை வகுத்தவர்கள் தொகுத்த ஆய்வுகளின்படி, ‘இயல்பு மாறியது’ என்ற படியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 13 முதல் 16 பேருக்கு முடிவில் புற்றுநோய் இருந்தது. அடுத்த படியான ‘ஐயத்துக்குரியது’ என்பதிலோ அது 85 முதல் 97 வரை. நீங்கள் நிற்கும் படியில் ஏழு பேரில் ஆறு பேர் நல்ல செய்தியுடன் வீடு திரும்புகிறார்கள் என்பதை உங்களுக்கும், அந்த ஏழாவது ஆள் யாரென்று பார்க்காமல் தெரியாது என்பதை உங்கள் கணவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதல் ஊசிக்கும் பயாப்சிக்கும் உள்ள வேறுபாடு செங்கல்லுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு. முதல் ஊசி செங்கற்களை உதிரியாக எடுத்துத் தருகிறது. ஒவ்வொரு கல்லும் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம், வீடு இடிந்திருக்கிறதா என்று சொல்ல இயலாது. பயாப்சி ஊசி அதைவிடத் தடிமனானது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, நூல் துண்டுகளைப் போன்ற சதைத் துணுக்குகளை அப்படியே எடுக்கிறது. குழாய்ச் சுவர் முழுதாக இருக்கிறதா, வெளியடுக்குத் தசைச் செல்கள் காவல் நிற்கின்றனவா, செல்கள் அதை உடைத்துக்கொண்டு வெளியே பரவியிருக்கின்றனவா என்பதெல்லாம் அந்தத் துணுக்கில்தான் தெரியும்.

உங்கள் மாமியாரின் அச்சம் உங்கள் மேலுள்ள அக்கறையில் பிறந்தது. அதை மதித்தே பதில் சொல்லுங்கள். ஊசித் தடத்தில் செல்கள் ஒட்டி வளர்வது மிக மிக அரிது. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டதால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை என்பது நெடுங்கால அனுபவத்தில் உறுதியான செய்தி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதானால், அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

பட்டு விவசாயி, ராயக்கோட்டை: பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் எங்கள் பகுதி முட்டை வித்தகத்தில் தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெப்ரின் நோய் உண்டு, இல்லை என்று அப்போதே சொல்லிவிடுகிறார்கள். என் மனைவியின் கட்டிக்கு மட்டும் ‘இருக்கலாம்’, ‘பார்க்கலாம்’ என்று இழுக்கிறார்களே, ஏன்?

பதில்: இத்தனை ஆண்டுகளில் எனக்கு வந்த கேள்விகளில் இதைப்போலப் பொருளின் வேரைத் தொட்ட கேள்வி அதிகம் இல்லை. நீங்கள் சொல்லும் பரிசோதனை, 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சின் பட்டு வளர்ப்புப் பகுதியில் தங்கிப் பெப்ரின் நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழி. அந்நோயை உண்டாக்குவது வெளியிலிருந்து புழுவுக்குள் புகுந்த ஓர் அயல் உயிரி. அதன் வித்துகள் முட்டை வடிவில் பளபளப்பாக இருக்கும். அந்துப்பூச்சியின் உடலில் அவற்றுக்கு வேலையே இல்லை. ஆகவே அவை தென்பட்டால் நோய் உண்டு; அந்த முட்டைத் தொகுதி கழிக்கப்படும்.

புற்றுச் செல் அயலான் அல்லன். அது உங்கள் மனைவியின் சொந்தச் செல். பிறந்த நாள் முதல் அவர் உடலில் இருந்த செல்லின் வழித்தோன்றல். அயலானைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடலாம். வீட்டுப் பிள்ளையின் போக்கு மாறியிருக்கிறதா என்று சொல்லப் பல நாள் நடத்தையைக் கவனிக்க வேண்டும். புற்றுக்கு மட்டுமே உரியது, வேறெங்கும் வராது என்று கைகாட்டத்தக்க ஒற்றை அடையாளம் செல்லின் தோற்றத்தில் இல்லை. பால் கொடுக்கும் தாயின் மார்பிலிருந்து எடுத்த செல்களைப் பாருங்கள்: உட்கரு பெரிதாக, உட்கருமணி துருத்திக்கொண்டு, செல்கள் தனித்தனியாக இருக்கும். அவர் கருவுற்றிருக்கிறார் அல்லது பால் கொடுக்கிறார் என்ற ஒரு வரி விண்ணப்பப் படிவத்தில் விடுபட்டுப்போனால், அனுபவம் உள்ளவரையே அது தடுமாற வைக்கும். அடிபட்டு நைந்த கொழுப்புத் திசுவும் கையில் கல்லைப் போலத் தட்டுப்பட்டு ஏமாற்றும். நம் நாட்டில் மார்பகத்தில் வரும் காசநோய்க் கட்டியும் அப்படித்தான். அதற்கு மருந்து முற்றிலும் வேறு.

செல் பிரியும்போது நடக்கும் கோளாறும் ஒரு முக்கியமான அடையாளம். ஒரு செல் இரண்டாகும்போது மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். புற்றுக் கட்டிகளில் அந்தப் பங்கீடு ஒருபக்கமாகச் சாய்வதை 1890இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹான்செமன் மைக்ராஸ்கோப்பில் கண்டு எழுதினார். புற்றுநோயின் தொடக்கமே குரோமோசோம் கோளாறுதான் என்ற கருத்தை 1914இல் தியோடர் போவெரி முன்வைத்தார். மூன்று முனைகளாகப் பிரியும் செல்லைக் காணும்போது இன்றும் எங்கள் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஆயினும் அதையும் மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் எடை போடுகிறோம். மருத்துவர் கையால் தொட்டுச் சொல்வது, மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயோ ஸ்கேனோ காட்டுவது, ஊசியில் வந்த செல் சொல்வது ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் முடிவை நம்பலாம். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் விடக்கூடாது. உங்களிடம் ‘பார்க்கலாம்’ என்று சொன்னவர் அந்த முரண்பாட்டைத்தான் தீர்க்க முயல்கிறார் என்று எண்ணுகிறேன்.

வாசகி, பென்னாகரம்: என் அக்காவுக்கு ஊசிப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆனால் கட்டி பெரிதாகிறது. அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்தாற்போல் இருக்கிறது. அறிக்கையை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், அக்காவை உடனே அழைத்துச் செல்லுங்கள். தோல் உள்ளிழுப்பது மார்பகமே கொடுக்கும் எச்சரிக்கை. நான்கு மாதங்களுக்கு முந்தைய ஒரு தாள் அதை மறுக்க இயலாது. ஊசி முனை கட்டிக்குள் போகாமல் ஓரத்தில் போயிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. லோபுலார் என்னும் வகைப் புற்றுநோயில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கெதெரின் என்ற புரதம் பெரும்பாலும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் அச்செல்கள் கூட்டமாகத் திரளாமல், வயல் வரப்பில் எறும்பு போவதைப்போல ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்து செல்கின்றன. உருவத்திலும் அவை சிறியவை, பார்வைக்குச் சாதுவானவை. ஊசியில் குறைவாகவே வரும், மேமோகிராமிலும் சில வேளை பிடிபடாது. இம்முறை பயாப்சியே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லூரி மாணவி, அரூர்: வயது 21. தொட்டால் நழுவி ஓடும் கட்டி. ஃபைப்ரோஅடினோமா என்று அறிக்கை வந்திருக்கிறது. இது பிற்காலத்தில் புற்றாக மாறுமா?

பதில்: மாறுவது மிக அரிது, உங்கள் வயதில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் கேடற்ற கட்டி இதுதான். மேலே சொன்ன தேனடை ஒழுங்கும் எள்மணிகளும் நிறையக் காணப்படுவதை வைத்தே இதை அடையாளம் காண்கிறோம். மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் செய்துகொண்டு, வேகமாக வளர்ந்தால் மட்டும் முன்னதாகச் செல்லுங்கள். படிப்பைப் பாருங்கள், அம்மா.

வாசகர், கிருஷ்ணகிரி: என் தாயாரின் பயாப்சியில் ‘கிரேடு 3’ என்று இருக்கிறது. மூன்றாம் ஸ்டேஜ் வந்துவிட்டது, இனிச் செலவு செய்து பயனில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: இந்த ஒரு குழப்பத்தால் சிகிச்சையைக் கைவிட்ட குடும்பங்களைக் கண்டிருக்கிறேன் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்: கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். அதைக் கட்டியின் அளவு, அக்குளின் நெறிக்கட்டிகள், உடலின் பிற உறுப்புகள் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வார்கள். செல்கள் தம் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது கிரேடு. அதை மைக்ராஸ்கோப் சொல்கிறது. கிரேடு 3 உள்ள ஒருவருக்கு ஸ்டேஜ் 1 ஆக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முழுக் குணமடைந்து வாழ்கிறார்கள்.

கிரேடு போடுவது மதிப்பெண் போடுவதைப் போன்றது. 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் இருவரும் வகுத்ததை 1991இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் எல்ஸ்டன், எல்லிஸ் இருவரும் செம்மைப்படுத்தினார்கள். கட்டியின் செல்கள் குழாய் அமைக்கும் பழைய பழக்கத்தை எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றன என்பதற்கு ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். முக்கால் பங்குக்கு மேல் குழாய்களாக இருந்தால் 1, பத்தில் ஒரு பங்கும் தேறாவிட்டால் 3. உட்கருக்களின் அளவும் வடிவமும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கு அதேபோல ஒன்று. குறிப்பிட்ட பரப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணி இன்னொன்று. மூன்றையும் கூட்டி 3 முதல் 5 வரை வந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. வேகமாகப் பிரியும் செல்களுக்குக் கீமோதெரபி நன்றாகப் பிடிப்பதும் உண்டு. தாயாருக்கு ஸ்டேஜ் எது என்று சிகிச்சை மருத்துவரைக் கேளுங்கள். உறவினர்களுக்கு அதன்பின் பதில் சொல்லலாம்.

குடும்பத் தலைவி, தருமபுரி: மேமோகிராமில் உப்புத்தூள் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து பயாப்சி செய்தார்கள். ‘அட்டிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா’ என்று வந்தது. புற்று இல்லை, ஆனாலும் அறுவை செய்து அந்த இடத்தை எடுக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: எடுக்கச் சொல்வது பெரும்பாலும் சரியான ஆலோசனையே. உங்கள் குழாய்க்குள் செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருக்கின்றன, ஆனால் சுவரைத் தாண்டவில்லை. இதே தோற்றம் கூடுதல் பரப்பில் இருந்தால் அதைக் குழாய்க்குள் அடங்கிய புற்று என்று அழைக்கிறோம். இரண்டையும் பிரிக்க வைத்திருக்கும் எல்லைகளில் ஒன்று வெறும் 2 மில்லிமீட்டர். ஊசியில் வந்த துணுக்கு ஓரப்பகுதியாக இருந்து, பக்கத்திலேயே பெரிய பகுதி மீந்திருக்கக்கூடும் என்பதால்தான் முழுவதையும் எடுத்துப் பார்க்கிறார்கள். எடுத்தபின் அங்கே புற்று இல்லையென்றாலும், இந்த மாற்றம் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. 1985இல் டூபாண்ட், பேஜ் இருவரும் ஆய்ந்து வெளியிட்டது முதல் இது நிலைபெற்ற செய்தி. இரு மார்பகங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

வாசகர், ஊத்தங்கரை: மனைவிக்கு ஒரு தனியார் இடத்தில் எடுத்த சதைத் துணுக்கைச் சலைன் நீர் உள்ள பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். துணுக்கு கெட்டுவிட்டது, ஹார்மோன் பரிசோதனை செய்ய இயலாது என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் நொந்தேன். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எடுத்த திசு உயிரோடு இருந்த பொருள். வெளியே வந்த நிமிடம் முதல் தன் நொதிகளாலேயே அழுகத் தொடங்குகிறது. அதை நிறுத்தி உறையச் செய்வது ஃபார்மலின். சலைன் அதைச் செய்யாது. ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத ஃபார்மலினில், துணுக்கின் அளவைப்போலப் பத்து மடங்கு திரவத்தில் மூழ்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புற்று என்று உறுதியானபின் அச்செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும், ஹெர் 2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நூற்றில் ஒரு செல்லின் உட்கருவில் சாயமேறினாலே உண்டு என்றுதான் எழுதுகிறோம், ஏனெனில் டமாக்சிஃபென் போன்ற எளிய மாத்திரை அவர்களுக்குப் பயன்படலாம். திசு கெட்டுப்போனால் இருக்கும் ஏற்பியும் இல்லாததாகத் தெரியும். பல ஆண்டுகள் காக்கக்கூடிய மாத்திரை ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும். ஹெர் 2 பரிசோதனை 3+, அதாவது உறுதியாக மிகுதி என்று வந்தால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. 2+, அதாவது ஐயமான அளவு என்றால் மரபணுவை நேரடியாக எண்ணும் ஃபிஷ் பரிசோதனை வேண்டும். கெட்ட திசுவில் இவை எதையும் நம்ப இயலாது. உங்கள் மனைவிக்கு மீண்டும் துணுக்கு எடுக்கத்தான் வேண்டும். இம்முறை எடுக்கும் முன்பே, பாட்டிலில் ஃபார்மலின் இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வாசகி, ஓசூர்: சி.ஏ. 15-3 என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருக்கிறது. கட்டிக்கு ஊசி போடாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. தொடக்க நிலைப் புற்றுநோயில் அந்த அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், வேறு நோய்களிலும் அது உயரும். நோயைக் கண்டறிவதற்கான பரிசோதனை அதுவன்று.

வாசகர், காவேரிப்பட்டணம்: தங்கையின் பயாப்சி முடிவை உறுதிசெய்துகொள்ளப் பெங்களூருக்குப் போக நினைக்கிறோம். மறுபடி சதை எடுப்பார்களா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. எடுத்த துணுக்கை மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக வைத்திருப்பார்கள். அதை பிளாக் என்போம். அதிலிருந்து சீவி எடுத்த ஏடுகளே கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. பரிசோதனை செய்த இடத்தில் எழுத்துமூலம் கேட்டு, பிளாக்கையும் தகடுகளையும் அறிக்கையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் பல்லாண்டுகள் கெடாது, ஆனால் மெழுகு உருகும். கோடையில் பஸ் ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்துவிடாமல், ஒரு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வாங்கி வாருங்கள். பின்னால் புதிய பரிசோதனை ஏதும் தேவைப்பட்டால் அதே பிளாக்கிலிருந்தே செய்துகொள்ளலாம்.